மாமியார் கட்டம்

போன வருடப் போட்டியில் அவர்களுடைய ரோபோ நூற்றைம்பது விநாடி நின்ற இடத்திலேயே நின்றது. ஆட்டத்தின் மொத்த நேரமே நூற்றைம்பது விநாடிதான்.

மற்ற பள்ளிகளின் ரோபோக்கள் தரையில் கிடந்த டப்பாக்களைத் தூக்கி அலமாரியில் அடுக்கிக்கொண்டிருந்தபோது, இது மட்டும் அடித்து வைத்த முளை மாதிரி அசையாமல் இருந்தது. பார்வையாளர் வரிசையில் ஒரு குழந்தை, "அது ஏம்மா தூங்குது?" என்று கேட்டது. குழந்தைக்குக் கணீரென்ற குரல். அரங்கமே சிரித்தது. அன்றைக்கு விழுந்த பேர்தான் தூங்குமூஞ்சி. பள்ளியில் இப்போது வாட்ச்மேன்கூட அப்படித்தான் சொல்கிறார்.

காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. பயிற்சியில் தீர்ந்துபோன பேட்டரியே உள்ளே இருந்தது. யாரும் மாற்றவில்லை.

ரிமோட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, அந்த நூற்றைம்பது விநாடியும் எல்லோர் கண்ணிலும் பட்டவள் பெரியவள். அணியின் கேப்டன். இந்த வருடம் அவளுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு. அடுத்த வருடம் இந்தப் பள்ளியில் இருக்கமாட்டாள். தூங்குமூஞ்சி ஓடுவதைப் பார்க்க அவளுக்கு மிச்சம் இருந்தது ஒரே ஒரு போட்டி.

அவளுடைய தங்கை சின்னவள் அணிக்குள் வந்தது அம்மாவின் ஏற்பாடு. அம்மா ஆஸ்பத்திரியில் நர்ஸ். பாதி நாள் இரவு டூட்டி. "ரெண்டு பேரும் ஒண்ணா வீட்டுக்கு வந்துடுங்க. ஆளுக்கு ஒரு நேரத்துல வந்தா எனக்குக் கதவு திறக்கவே நேரம் சரியாப் போகுது" என்றாள். அதனால் பத்தாம் வகுப்புச் சின்னவள் பள்ளி விட்டதும் அக்காவின் பின்னாலேயே வந்து, அறையின் மூலையில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தாள். மடியில் பை. பையின் மேல் கை. கேட்டால் பதில் சொல்வாள். கேட்காவிட்டால் அவள் அங்கே இருப்பதே தெரியாது.

அறை, வேதியியல் ஆய்வகத்துக்குப் பின்னால் இருந்த பழைய கிடங்கு. ஒரு ஜன்னல், மூன்று மேஜை. ஒரு மேஜைக்குக் கால் குட்டை. பழைய வினாத்தாள் கட்டு ஒன்றை முட்டுக் கொடுத்திருந்தார்கள். சுவரில் ஒரு பழைய டிவி. அதில் கம்ப்யூட்டரை இணைத்து எதையாவது காட்டலாம். பெரும்பாலும் எதையும் காட்டியதில்லை.

அணியில் சின்னவளையும் சேர்த்து ஐந்து பேர். கேப்டன் கையில் அடிச்சட்டமும் சக்கரங்களும். ரோபோவின் கை ஸ்க்ரூவின் பொறுப்பு. அவன் சட்டைப் பையில் எப்போதும் நாலு ஸ்க்ரூ கிடக்கும், நடந்தால் சத்தம் வரும். புரோகிராம் எழுதுகிற பெண்ணுக்குப் பேர் செமிகோலன். வரிக் கடைசியில் ஒரே ஒரு செமிகோலன் விட்டுப்போனதால் அவள் இரண்டு நாள் தலையைப் பிய்த்துக்கொண்ட கதை பள்ளிக்கே தெரியும். ஒயர் வேலை பார்க்கிறவன் பேட்டரி. அந்தப் பேர் போன வருடம் வந்தது. ஏன் வந்தது என்று சொல்லத் தேவையில்லை. கூப்பிட்டால் சிரித்துக்கொண்டே திரும்புவான்.

இயற்பியல் சார் திட்டமிடும் சாஃப்ட்வேர் ஒன்றில் பள்ளிக்கு இலவசக் கணக்கு வாங்கித் தந்திருந்தார். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு கார்டு. அந்தக் கார்டுகளைக் கட்டம் கட்டமாக நகர்த்திக்கொண்டு போகவேண்டும். கேப்டன் முதல் நாள் உற்சாகமாக மூன்று கட்டம் போட்டாள்: செய்யணும், செய்யுறோம், முடிஞ்சது. முதல் கார்டில், "தூங்குமூஞ்சி ஓடணும்" என்று எழுதினாள். அப்புறம் பத்துக் கார்டு. ஒரு வாரம் ஓடியது. பிறகு எல்லோரும் பழையபடி போன் குரூப்புக்கே திரும்பிவிட்டார்கள். அங்கே ஒரு நாளைக்கு இருநூறு செய்தி. அதில் நூற்றைம்பது கட்டைவிரல் படம். எது நடந்தது, எது நடக்கவில்லை என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

"சும்மாதானே உட்கார்ந்திருக்க. இதை நீ பார்த்துக்கோ" என்று லேப்டாப்பைத் தங்கை பக்கம் தள்ளினாள் பெரியவள். தள்ளும்போது வேலை கொடுக்கிற எண்ணம் இல்லை. பொழுது போகட்டும் என்றுதான்.

சின்னவள் மூன்று நாள் ஒன்றும் செய்யவில்லை. பார்த்துக்கொண்டிருந்தாள். நாலாவது நாள் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகப் போய் ஒரே கேள்வியைக் கேட்டாள். போன வருடம் அன்றைக்குப் பேட்டரியை யார் மாற்றுவதாக இருந்தது?

ஸ்க்ரூ, "பேட்டரிதான்" என்றான். செமிகோலன், "கேப்டன்னு நினைச்சேன்" என்றாள். கேப்டன், "ஸ்க்ரூ கையில சார்ஜர் இருந்துது. அவன் மாத்திட்டான்னு நினைச்சேன்" என்றாள். பேட்டரி, "நீ மாத்துன்னு யாரும் என்கிட்ட சொல்லல. ஆனா எல்லாரும் என்னைப் பார்த்தாங்களா, நானும் நான்தான்னு நினைச்சுக்கிட்டேன்" என்றான்.

நாலு பதிலையும் அவள் தன் நோட்டில் எழுதிக்கொண்டாள். பிறகு அவனிடம், "தப்பு உங்க மேல இல்லண்ணா. அந்த வேலை யார் பேர்லயும் இல்ல" என்றாள்.

அவ்வளவுதான். அவ்வளவு நீளமாக அவள் பேசி அங்கே யாரும் கேட்டதில்லை. பேட்டரி ஒரு வருடமாகச் சிரித்துக்கொண்டே சுமந்ததை அன்றைக்கு இறக்கி வைத்தான். வைத்தது அவனுக்கே பிறகுதான் தெரிந்தது. பெரியவள் ஒயர் சுற்றிக்கொண்டே இதைக் கேட்டாள். கேட்காத மாதிரி இருந்தாள்.

அடுத்த வாரம் அந்த டிவி ஓடியது. அதில் நாற்பத்தேழு கார்டு.

"கை செய்யணும்" என்று கேப்டன் எழுதியிருந்த கார்டைக் காணோம். அந்த இடத்தில் ஆறு கார்டு இருந்தன. ஒன்றில், "கை ஒரு டப்பாவைத் தூக்கி நடு அலமாரியில் வைக்கணும். தொடர்ந்து மூணு தடவை. கீழே போடக் கூடாது" என்று எழுதியிருந்தது. ஒவ்வொரு கார்டிலும் செய்பவர் என்று ஒரே ஒரு பேர். இரண்டு பேர் இல்லவே இல்லை.

ஸ்க்ரூ படித்துப் பார்த்துவிட்டு, "இது கார்டா, பத்திரமா? கையெழுத்து எங்க போடணும்?" என்றான்.

சின்னவள் சிரித்தாள். திருத்தவில்லை.

இன்னொரு மாற்றமும் இருந்தது. செய்யுறோம் என்ற கட்டத்துக்கும் முடிஞ்சது என்ற கட்டத்துக்கும் நடுவில் புதிதாக ஒரு கட்டம். பேர் வைக்கவில்லை. அதன் மேல் ஒரே ஒரு வரி: "செஞ்சவங்க பார்க்கக் கூடாது. வேற ஒருத்தர் பார்த்துத்தான் அடுத்த கட்டத்துக்கு அனுப்பணும்."

பேட்டரிதான் முதலில் புரிந்துகொண்டான்.

"புரிஞ்சுது. நான் எவ்வளவு நல்லா சமைச்சாலும் நானே நல்லா இருக்குன்னு சொல்லிக்க முடியாது. மாமியார் வாயில வச்சுப் பார்த்துச் சொல்லணும்."

அன்றைக்கே கட்டத்துக்குப் பேர் வந்துவிட்டது. மாமியார் கட்டம். ஒவ்வொரு கார்டுக்கும் ஒரு மாமியார். "என் கார்டுக்கு யாரு மாமியார்?" "நான்தான். வா, உன் லட்சணத்தைப் பார்க்குறேன்." செமிகோலன் எழுதிய புரோகிராமுக்கு ஸ்க்ரூ மாமியார், அவனுக்கு ஒரு வரி புரியாது. ஆனால் கார்டில், "இந்தப் பட்டனை அழுத்தினா கை இறங்கணும், விட்டா நிக்கணும்" என்று இருந்தது. அழுத்தத் தெரிந்தால் போதும். அழுத்தினான். விட்டான். கை நிற்கவில்லை. "மருமகளே, சாம்பார்ல உப்பில்ல" என்று கார்டைத் திருப்பி அனுப்பினான். செமிகோலன் முறைத்தாள். ஆனால் அரை மணி நேரத்தில் சரி செய்தாள்.

சின்னவளிடம் இருந்த கார்டுகள்தான் அதிகம். அவற்றில் எதிலும் செய்பவர் என்று அவள் பேர் இல்லை, பார்ப்பவர் என்றுதான் இருந்தது. பத்தாவது படிக்கிற, தன் கழுத்து உயரம்கூட வராத பெண்ணிடம் பேட்டரி குனிந்து நின்று, "அத்தை, என் ஒயரைக் கொஞ்சம் பாருங்க அத்தை" என்பான். அவள் முகம் சிவந்துவிடும். ஆனால் பார்ப்பாள். ஒவ்வொரு இணைப்பையும் இரண்டு விரலால் பிடித்து மெல்ல இழுத்துப் பார்ப்பாள். வந்துவிட்டால் பேசாமல் அவன் கையில் கொடுப்பாள்.

நெயில் பாலிஷும் அவளுடைய யோசனைதான். சக்கரம் ஒவ்வொன்றும் ஓர் இரும்பு அச்சில் மாட்டியிருக்கும். அச்சின் முனையிலிருந்து சக்கரத்தின் நடுவட்டம் வரை சிவப்பு நெயில் பாலிஷில் ஒரு மெல்லிய கோடு போட்டாள். பத்து நிமிடம் ரோபோவை ஓட்டிய பிறகும் கோடு நேராக இருந்தால் சக்கரம் இறுகிப் பிடித்திருக்கிறது. கோடு உடைந்து இரண்டு துண்டாக விலகியிருந்தால், அச்சு ஒரு பக்கம், சக்கரம் ஒரு பக்கம் என்று வழுக்குகிறது. கண் இருக்கிற யாரும் சொல்லலாம்.

"இதை யார் சொல்லிக் கொடுத்தா?" என்று கேட்டாள் பெரியவள்.

"யாருமில்ல. கண்ணுக்குத் தெரியாததைத் தெரிய வைக்கணும்ல" என்றாள் சின்னவள், மூடியைத் திருகிக்கொண்டே.

பெரியவளுக்குப் பெருமையாக இருந்தது. கொஞ்சம் வேறு மாதிரியும் இருந்தது. இரண்டு மாதத்தில் பையன்கள் கேப்டனைக் கேட்பதைவிட டிவியைப் பார்ப்பது அதிகமாகிவிட்டது. அது நல்லதுதான். நல்லது என்று தெரிந்துகொண்டே மனசுக்குள் முள் மாதிரி ஒன்று உறுத்தினால் என்ன செய்வது?

போட்டி சனிக்கிழமை. வெள்ளிக்கிழமை மதியம் ரோபோவைப் பெட்டியில் அடைத்து பஸ்ஸில் ஏற்றிவிட வேண்டும். புதன்கிழமை மாலை கணக்கில் இரண்டே கார்டு பாக்கி. ஒன்று, முதல் நாள் எழுதிய "தூங்குமூஞ்சி ஓடணும்". அது போட்டியில்தான் நகரும். இன்னொன்று கேப்டனுடையது. பின் வலது சக்கரத்தின் ரப்பர் உரிந்திருந்தது. புதுச் சக்கரம் மாட்டவேண்டும்.

மாட்டினாள். ஸ்க்ரூவை மணிக்கட்டு வலிக்க இறுக்கினாள். கோடும் போட்டாள். ஆனால் ஓட்டிப் பார்க்கப் பேட்டரி சார்ஜில் கிடந்தது. வாட்ச்மேன் சாவிக்கொத்தை ஆட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றார். மற்ற எல்லோருடைய வேலையும் முடிந்திருந்தது. கேப்டன் கார்டு மட்டும் மாமியார் கட்டத்தில் தனியாக உட்கார்ந்திருந்தது. மாமியார் என்ற இடத்தில் தங்கையின் பேர்.

வீட்டுக்குப் போகிற பஸ்ஸில், தங்கை ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருக்க, பெரியவள் போனை எடுத்து அந்தக் கார்டைத் தானே முடிஞ்சது கட்டத்துக்குத் தள்ளினாள். வாரத்தின் வேலை எல்லாம் தீர்ந்தால் அந்த சாஃப்ட்வேர் திரையில் வண்ணக் காகிதம் தூவும். தூவியது. குரூப்பில் கட்டைவிரல்கள் வந்து குவிந்தன. பஸ் குலுங்கியதில் அவள் சிரித்தது யாருக்கும் தெரியவில்லை.

வீட்டில் முகம் கழுவிக்கொண்டு வந்தபோது போன் மினுங்கியது. கார்டு மறுபடி மாமியார் கட்டத்தில். நகர்த்தியவர் பேரையும் சாஃப்ட்வேர் போட்டிருந்தது. போடாமல் இருக்காது.

பெரியவள் அதை மறுபடி முடிஞ்சதுக்குத் தள்ளினாள். அது மறுபடி திரும்பி வந்தது. இரண்டு பேரும் ஒரே அறையில், எதிரெதிர் கட்டிலில், ஆளுக்கு ஒரு போனோடு உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

குரூப்பில் ஸ்க்ரூ எழுதினான்: "கேப்டன் வீட்ல மாமியார் சண்டை போல." பேட்டரி எழுதினான்: "பாத்திரம் உருள்ற சத்தம் இங்க வரைக்கும் கேக்குது."

அதுதான் சுருக்கென்று தைத்தது.

"எதுக்குடி தள்ளுற?"

"பத்து நிமிஷம் ஓட்டலையேக்கா."

"நான் மாட்டியிருக்கேன். மூணு வருஷமா சக்கரம் மாட்டுறேன். என் கை எனக்குத் தெரியாதா?"

"தெரியும். கோட்டைத்தான் பார்க்கல."

"அதான் போட்டிருக்கேன்ல."

"போட்டா மட்டும் போதுமா? ஓட்டுறதுக்கு முன்னாடி எல்லாக் கோடும் நேராத்தான் இருக்கும்."

அது உண்மை. உண்மை என்பதால்தான் பெரியவளுக்குக் கோபம் தலைக்கேறியது. "ரொம்பப் பேசுற. இந்த ரோபோல நீ ஒரு நட்டாவது போட்டிருக்கியா?"

சின்னவள் யோசித்தாள். வகுப்பில் வருகைப் பதிவுக்குப் பதில் சொல்வது போல, "இல்ல" என்றாள். பிறகு பையைத் திறந்து வீட்டுப்பாடத்தை எடுத்தாள்.

பெரியவள் கேப்டன். சாஃப்ட்வேரில் முழு அதிகாரம் அவளுக்கு மட்டும்தான். கார்டை முடிஞ்சதுக்குத் தள்ளிவிட்டு, மாமியார் கட்டத்தையே அழித்தாள். நிச்சயமா என்று சாஃப்ட்வேர் கேட்டது. நிச்சயம் என்றாள். மறுபடி வண்ணக் காகிதம் தூவியது. இந்தத் தடவை பார்க்கப் பிடிக்கவில்லை.

தண்ணீர் குடிக்க சமையலறைக்குப் போனாள். அம்மா டூட்டிக்குக் கிளம்பி, ஒரு கையால் தலைமுடியை முடிந்துகொண்டு, தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்கிப் பேசிக்கொண்டிருந்தாள். யாரோ புது நர்ஸ் போலிருந்தது.

"ஊசில மருந்து நீ எடுத்தியா? சரி. யார் பார்த்தா? ... நீ எடுத்ததை நீயே பார்த்தா எப்படிம்மா? இல்ல, உன்மேல சந்தேகம் இல்ல. எனக்கும் அதே சட்டம்தான், நானும் இருபது வருஷமா போடுறேன். எடுத்த கண்ணுக்குத் தப்பு தெரியாது. நான் வர்ற வரைக்கும் போடாதே."

பெரியவள் டம்ளரைக் கையில் பிடித்தபடி நின்றாள். இந்தப் பேச்சை அவள் இந்தச் சமையலறையில் நூறு தடவை கேட்டிருக்கிறாள். ஒரு தடவைகூட காதில் வாங்கியதில்லை. அதே சுவர், அதே அம்மா, அதே போன். வாங்கியவள் உள்ளே வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள்.

அறைக்குத் திரும்பியபோது ஏதாவது சொல்லலாம் என்றுதான் வந்தாள். போனைச் சார்ஜில் போட்டுவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை காலை எழுந்தபோது எதிர்க் கட்டில் காலி. "ஸ்பெஷல் கிளாஸ்னு சொல்லிட்டுப் போயிட்டா" என்றார் அப்பா, செய்தித்தாளிலிருந்து தலை தூக்காமல். சின்னவளுக்கு அன்றைக்கு ஸ்பெஷல் கிளாஸ் எதுவும் இல்லை. பெரியவள் சாப்பிடாமல் கிளம்பினாள்.

பள்ளி இன்னும் கூடவில்லை. கிடங்கின் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே மோட்டார் சத்தம்.

அவள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

தூங்குமூஞ்சி மூன்று மேஜைகளையும் சுற்றி ஓடிக்கொண்டிருந்தது. ரிமோட்டை இரண்டு கையாலும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்து, முதுகில் புத்தகப் பையைக்கூடக் கழற்றாமல், சின்னவள் அதன் பின்னாலேயே நடந்துகொண்டிருந்தாள். இதுவரை ஒரு தடவைகூட அவள் ரோபோவை ஓட்டியதில்லை. மூலைக்கு மூலை திணறினாள். ஒரு மேஜைக்காலில் இடித்தது. வினாத்தாள் கட்டு சரிந்தது. "சாரி" என்று ரோபோவிடம் மெதுவாகச் சொல்லிவிட்டு, பின்னால் எடுத்து, திரும்ப ஓட்டினாள். மேஜை மேல் போனில் நேரம் ஓடிக்கொண்டிருந்தது.

பெரியவள் அவளைப் பார்த்தாள். பிறகு ரோபோவைப் பார்த்தாள். மூன்று வருடம் ஓட்டிய கண். நேராகப் போகச் சொல்லியும் தூங்குமூஞ்சி வலது பக்கம் லேசாக இழுத்தது. யாருக்கும் தெரியாத அளவு. அடுத்த சுற்றில் இன்னும் கொஞ்சம் இழுத்தது.

"நிறுத்து. தெரிஞ்சுபோச்சு" என்றாள்.

சின்னவள் திடுக்கிட்டுத் திரும்பினாள். ஆனால் கையை எடுக்கவில்லை. "இன்னும் நாலு நிமிஷம் இருக்குக்கா."

பெரியவள் ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். இந்த அறையில் தங்கை இரண்டு மாதமாக உட்கார்ந்த அதே ஸ்டூல். அங்கிருந்து பார்த்தால் எல்லாமே தெரிந்தது. கதவு, டிவி, மூன்று மேஜை, யார் கை எங்கே போகிறது என்பது வரை. இவ்வளவு தெரியும் என்று அவள் நினைத்ததே இல்லை.

நாலு நிமிடம் முடிந்தது. இரண்டு பேரும் சேர்ந்து ரோபோவைப் பக்கவாட்டில் சாய்த்தார்கள். மூன்று சக்கரத்தில் சிவப்புக் கோடு நேராக இருந்தது. பின் வலது சக்கரத்தில் கோடு இரண்டு துண்டு. நடுவில் ஒரு விரல்கடை இடைவெளி.

பெரியவள் ஸ்க்ரூவைக் கழற்றிச் சக்கரத்தை உருவினாள். பார்த்ததும் விளங்கிவிட்டது. அச்சு உருண்டையானது, ஒரு பக்கம் மட்டும் தட்டையாகச் சீவியிருக்கும். ஸ்க்ரூ அந்தத் தட்டையில்தான் உட்கார வேண்டும். சாவிக்கொத்துச் சத்தத்தின் அவசரத்தில் உருண்டைப் பக்கத்தில் உட்கார வைத்து, மணிக்கட்டு வலிக்க இறுக்கியிருக்கிறாள். கையால் ஆட்டினால் மலை மாதிரி இருக்கும். ஓடினால் வழுக்கும். சனிக்கிழமை, முதல் ஆட்டத்தின் நடுவில், எல்லோர் கண் முன்னாலும் வழுக்கியிருக்கும். இந்தத் தடவை தூங்கியிருக்காது; ஒற்றைக் காலை இழுத்துக்கொண்டு வட்டம் சுற்றியிருக்கும்.

"எப்போ வந்த?"

"ஏழு மணிக்கு. இயற்பியல் சார்கிட்ட சாவி கேட்டேன்."

சாரிடம் போய்ச் சாவி கேட்டிருக்கிறாள். பக்கத்து வீட்டில் போய் நாலு முட்டை கேட்கச் சொன்னாலே கதவோரம் ஐந்து நிமிடம் நின்று மனசைத் தேற்றிக்கொண்டு போகிறவள்.

"யார்கிட்டயும் சொல்லலக்கா" என்றாள் சின்னவள், நெயில் பாலிஷ் பாட்டிலைப் பார்த்துக்கொண்டே. "கட்டமும் இல்ல. எங்கயும் எழுதல. நீ சரியா மாட்டிட்டா யாருக்கும் தெரியாது."

அதைத்தான் பெரியவளால் தாங்க முடியவில்லை. நேற்று அணியே பார்க்க, கார்டைத் திருப்பித் திருப்பித் தள்ளியவள் இவள். அப்போது எதையும் நிரூபிக்கவில்லை. பார்க்கவில்லை என்று மட்டும்தான் சொன்னாள். இன்றைக்குக் கையில் நிரூபணம் இருக்கிறது. வாயை மூடிக்கொண்டு நிற்கிறாள். தன்னைச் சரி என்று காட்டிக்கொள்ள இவள் ஓட்டவில்லை. சக்கரம் சரியா என்று பார்க்கத்தான் ஓட்டினாள். இரண்டும் ஒன்றில்லை என்பது பெரியவளுக்கு இப்போதுதான் உறைத்தது.

அவள் டிவியைப் போட்டாள். அழித்த கட்டத்தை மறுபடி உண்டாக்கினாள். அதன் தலையில் மாமியார் என்று தன் கையாலேயே தட்டச்சு செய்தாள். கீழே அந்தப் பழைய வரி எழுத்துக்கு எழுத்து நினைவில் இருந்தது. பின் வலது சக்கரம் கார்டை முடிஞ்சதிலிருந்து இழுத்து உள்ளே வைத்தாள். உடைந்த கோட்டைப் படம் பிடித்துக் கார்டில் ஒட்டி, அடியில் எழுதினாள்: "நான் தப்பா மாட்டியிருந்தேன். பார்க்காம முடிஞ்சதுன்னும் சொல்லிட்டேன். மாமியார் கண்டுபிடிச்சாங்க. கேப்டன்."

ஐந்து போனும் ஒரே நேரத்தில் மினுங்கியிருக்கும். அறைக்குள் இரண்டு மினுங்கின.

முதலில் செமிகோலன் எழுதினாள்: "ஒரு செமிகோலன்தான் கேப்டன். எனக்கு ரெண்டு நாள் ஆச்சு. உங்களுக்கு ஒரு ராத்திரிதான்." ஸ்க்ரூ ஒன்றும் எழுதவில்லை, ஒரு கும்பிடு படம் போட்டான். பேட்டரி எழுதினான்: "அத்தை கால்ல விழுந்தாச்சா?"

"விழல. சண்டைக்கு மன்னிப்புக் கேட்கணும். இன்னும் கேட்கல" என்று எழுதி அனுப்பிவிட்டுப் பெரியவள் தலை நிமிர்ந்தாள். சின்னவள் அதைப் போனில் படித்துக்கொண்டிருந்தாள். காது நுனி சிவந்திருந்தது.

"நேத்து நட்டுன்னு சொன்னேன்ல."

"ம்."

"அது..."

"பசிக்குதுக்கா" என்றாள் சின்னவள். "நீ சாப்பிட்டியா?"

அன்று மாலை எல்லோரும் கூடியதும் சக்கரத்தை மறுபடி மாட்டினாள் கேப்டன். தட்டைப் பக்கத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்துவிட்டு ஸ்க்ரூவை இறக்கினாள். புதுக் கோடு. பத்து நிமிடம். இந்தத் தடவை ஓட்டியவன் ஸ்க்ரூ, பார்த்தவன் பேட்டரி. கோடு நேராக இருந்தது. கார்டு நகர்ந்தது. வண்ணக் காகிதம் தூவியது. நாலு பேர் கை தட்டினார்கள். ஐந்தாவது ஆள் அடுத்து என்னென்ன பெட்டியில் ஏற வேண்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை அரங்கில் போன வருடத்து நாற்காலிகளே போட்டிருந்தார்கள். அந்தக் குழந்தை வந்திருக்கிறதா என்று பெரியவளின் கண் தேடியது. தெரியவில்லை. ஒரு வருடத்தில் குழந்தைகள் வளர்ந்துவிடும்.

ஆட்டம் தொடங்கும் முன் சின்னவள் குனிந்து நாலு கோட்டையும் பார்த்தாள். பேட்டரி, புதுப் பேட்டரியை மாட்டிவிட்டு நகர்ந்தான். அவன் மாட்டியதை செமிகோலன் இழுத்துப் பார்த்தாள். யாரும் யாரையும் கேட்கவில்லை. அவரவர் இடத்துக்குப் போனார்கள்.

மணி அடித்தது.

தூங்குமூஞ்சி ஓடியது.

நேராக ஓடியது. முதல் டப்பாவை எடுத்தது, நடு அலமாரியில் வைத்தது. இரண்டாவதை எடுத்தது, வைத்தது. மூன்றாவதில் கை கொஞ்சம் தயங்கியது, ஸ்க்ரூ மூச்சை அடக்கிக்கொண்டான், வைத்தது. நாலாவது கீழே விழுந்தது. இருபத்திரண்டு அணியில் அந்தச் சுற்றில் அவர்களுக்கு ஏழாவது இடம். நூற்றைம்பது விநாடியில் பெரியவள் அதை ஒரு விநாடிகூடச் சும்மா நிற்க விடவில்லை. முடிந்தபோது அவள் உள்ளங்கை ரிமோட்டில் ஒட்டிக்கொண்டிருந்தது.

அணிகள் காத்திருக்கும் இடத்துக்கு வந்ததும் அவள் போனை எடுத்தாள். செய்யணும் கட்டத்தில் மூன்று மாதமாகத் தனியாகக் கிடந்த முதல் கார்டு. தூங்குமூஞ்சி ஓடணும். அதை மாமியார் கட்டத்துக்கு நகர்த்தினாள். அதற்குமேல் நகர்த்த அவளுக்கு உரிமை இல்லை. பார்ப்பவர் என்ற இடத்தில் தங்கையின் பேரைப் போட்டுப் போனை நீட்டினாள்.

"ஓடுச்சு. பார்த்தல்ல? தள்ளு."

ஸ்க்ரூவும் பேட்டரியும் செமிகோலனும் சுற்றி நின்றார்கள். சின்னவள் போனை வாங்கவில்லை. தரையில் முழங்காலிட்டு, ரோபோவைப் பக்கவாட்டில் சாய்க்கும்படி சைகை காட்டினாள். முன் இடது, முன் வலது, பின் இடது. பின் வலதைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தாள். நாலும் நேர்.

எழுந்து, பாவாடையில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டினாள்.

"இன்னும் ரெண்டு ரவுண்டு இருக்குக்கா" என்றாள்.

பேட்டரி தலையில் கைவைத்தான். "இப்படி ஒரு மாமியாரை நான் பார்த்ததே இல்ல."

"நானும்தான்" என்றாள் பெரியவள். போனைப் பைக்குள் போட்டாள். "நிக்காத, போய் அடுத்த பேட்டரியை எடுத்துட்டு வா. யாரு பார்க்குறது அதை?"

"நான்" என்றாள் செமிகோலன்.